ஒரே சர்வர், பல உள் நெட்வொர்க்குகள்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழிமுறை

அலுவலகக் கணினிகள் ஒரு நெட்வொர்க்கில், கேமராக்கள் இன்னொன்றில், பட்டறை இயந்திரங்கள் மூன்றாவதில். எல்லாவற்றுக்கும் பேக்கப் எடுக்க, கண்காணிக்க ஒரே லினக்ஸ் சர்வர். இந்த அமைப்பில் வரும் கோளாறுகள் பல உருவில் வந்தாலும், தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: பாக்கெட் சர்வருக்கு ஒழுங்காக வந்திருக்கும், பதில் மட்டும் வேறு இன்டர்ஃபேஸ் வழியாகப் போயிருக்கும். அதனால் எந்த அறிகுறியானாலும் ‘போய்ச் சேருகிறதா’ என்பதோடு நிறுத்தாதீர்கள். ‘எந்த வழியாகத் திரும்புகிறது’ என்றும் பாருங்கள்.

கீழே வரும் எடுத்துக்காட்டுகள் எல்லாம் இந்த அமைப்பை வைத்துத்தான் (விலேன் என்பது ஒரே ஸ்விட்சுக்குள் எண் கொடுத்துப் பிரித்த தனி நெட்வொர்க், /24 என்று முடிவது அதன் முகவரித் தொகுதி, அதாவது சப்நெட்):

- அலுவலகம்: விலேன் 10, 10.10.10.0/24, சர்வர் 10.10.10.5
- கேமரா: விலேன் 20, 10.10.20.0/24, சர்வர் 10.10.20.5
- பட்டறை: விலேன் 30, 10.10.30.0/24, சர்வர் 10.10.30.5

சர்வரில் ஈஎன்ஓ1 என்ற ஒரே லேன் போர்ட். அது ஸ்விட்சின் டிரங்க் போர்ட்டில், அதாவது பல விலேன்களை டேக் (விலேன் எண்ணின் குறி) போட்டு ஒரே கேபிளில் அனுப்பும் போர்ட்டில், சொருகியிருக்கிறது. அதன் மேல் விலேன்10, விலேன்20, விலேன்30 என்று மூன்று துணை இன்டர்ஃபேஸ்கள். ஒவ்வொரு நெட்வொர்க்கிலும் .1 என்பது ஃபயர்வால். டிஃபால்ட் கேட்வே (வேறு வழி தெரியாத பாக்கெட்டுகள் போகும் இடம்) ஒன்றே ஒன்று, 10.10.10.1. தனித்தனி லேன் கார்டு போட்டிருந்தாலும் சோதனைகள் இவையேதான். கட்டளைகள் உச்சரிப்புப்படி தமிழில் உள்ளன, டெர்மினலில் வழக்கமான எழுத்தில் அடிக்கவும்.

## தொடங்கும் முன்

தூரத்திலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக ரூட்டிங்கைத் தொடுவதாக இருந்தால், வெளியே பூட்டிக்கொள்ளாமல் இருக்க இரண்டு ஏற்பாடு. உபுண்டுவில் நெட்பிளான் (நெட்வொர்க் அமைப்புக் கருவி) இருந்தால் ‘நெட்பிளான் ட்ரை’ என்று கொடுங்கள். 120 நொடிக்குள் நீங்கள் என்டர் தட்டி உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்பு தானாகத் திரும்பிவிடும். மற்றவற்றில் ‘ஷட்டவுன் -ஆர் +10’ என்று பத்து நிமிடம் கழித்து ரீபூட் ஆகும்படி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ‘ஐபி’ கட்டளையால் செய்த மாற்றம் எதுவும் ரீபூட்டுக்குப் பின் நிற்காது, எனவே தொடர்பு அறுந்தாலும் சர்வர் பழைய நிலையில் எழுந்து வரும். எல்லாம் சரியாக இருந்தால் ‘ஷட்டவுன் -சி’ போட்டு ரத்து செய்யுங்கள்.

மாற்றுவதற்கு முன் மூன்று வெளியீடுகளைக் கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள்: ‘ஐபி -பிஆர் ஏ’, ‘ஐபி ரூட்’, ‘ஐபி ரூல்’.

## அறிகுறி 1: ஒரு நெட்வொர்க் ஒட்டவே இல்லை

சர்வரிலிருந்து 10.10.20.1-க்கோ பக்கத்துக் கேமராவுக்கோ போகவே முடியவில்லை. மற்ற இரண்டு நெட்வொர்க்கும் நன்றாக இருக்கின்றன.

பிங் பதில் வரவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். பிங்கைத் தடுத்து வைத்திருக்கும் கருவிகள் உண்டு. ஆனால் அதே சப்நெட்டில் பேச வேண்டுமானால் ஏஆர்பி கேள்விக்கு (‘இந்த ஐபி முகவரிக்கு உரிய மேக், அதாவது லேன் கார்டின் வன்பொருள் முகவரி எது’) பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒருமுறை பிங் அடித்துவிட்டு ‘ஐபி நெய்பர்’ பாருங்கள். எதிரில் மேக் முகவரி தெரிந்தால் கேபிள், ஸ்விட்ச், டேக் எல்லாம் சரி, இந்தப் பகுதியை விட்டு அறிகுறி 2-க்குப் போகலாம். ‘இன்கம்ப்ளீட்’ அல்லது ‘ஃபெயில்டு’ என்றிருந்தால் கீழே உள்ள வரிசையில் போங்கள்.

இன்டர்ஃபேஸ் எழுந்திருக்கிறதா? ‘ஐபி -பிஆர் லிங்க்’ பட்டியலில் விலேன்20 ‘அப்’ என்று இருக்க வேண்டும். ‘லோயர்லேயர்டவுன்’ என்றால் தாய் இன்டர்ஃபேஸான ஈஎன்ஓ1-இல் சிக்கல். அப்படியானால் மூன்று நெட்வொர்க்கும் சேர்ந்தே விழுந்திருக்கும், கேபிளை மாற்றிப் பாருங்கள்.

விலேன் எண் சரியா? ‘ஐபி -டி லிங்க் ஷோ விலேன்20’ கொடுத்தால் உண்மையான எண் தெரியும். இன்டர்ஃபேஸுக்கு விலேன்20 என்று பெயர் வைத்துவிட்டு ஐடியில் 200 என்று போட்டிருந்தால் பெயரைப் பார்த்து ஏமாறுவோம். பெயருக்கும் எண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

ஸ்விட்சில் அந்த விலேனுக்கு அனுமதி இருக்கிறதா? புதிதாக ஒரு நெட்வொர்க்கைச் சேர்க்கும்போது மிக அதிகமாக விட்டுப்போவது இதுதான். விலேனை ஸ்விட்சில் உருவாக்கியிருப்பார்கள், கேமரா போர்ட்டுகளில் போட்டிருப்பார்கள், சர்வர் இருக்கும் டிரங்க் போர்ட்டின் அனுமதிப் பட்டியலில் 20-ஐச் சேர்க்க மறந்திருப்பார்கள். இரண்டு ஸ்விட்ச் இருந்தால் அவற்றுக்கு நடுவே ஓடும் டிரங்கின் இரு முனைகளையும் பாருங்கள்.

சர்வரிலிருந்தே இதைக் கண்டுபிடிக்கலாம். வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் ‘டிசிபிடம்ப் -இ -என் -ஐ ஈஎன்ஓ1 விலேன் 20’ ஓடவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். உயிருள்ள எந்த நெட்வொர்க்கிலும் ஏஆர்பி போன்ற பிராட்காஸ்ட் வந்துகொண்டே இருக்கும். சர்வரின் சொந்தக் கேள்விகளைத் தவிர எதுவுமே தெரியவில்லை என்றால் ஸ்விட்ச் அந்த விலேனை இங்கே விடவில்லை.

நேட்டிவ் விலேன் மோதல். ஸ்விட்ச் போர்ட்டில் விலேன் 20 நேட்டிவாக இருந்தால் அதன் பாக்கெட்டுகள் டேக் இல்லாமல் வரும். சர்வரோ டேக் 20-ஐ எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும். டிசிபிடம்பில் ‘விலேன் 20’ வடிகட்டியை எடுத்துவிட்டுப் பாருங்கள். 10.10.20.x முகவரிகளின் ஏஆர்பி, டேக் இல்லாமல் தெரிந்தால் காரணம் இதுவே. சர்வருக்குப் போகும் டிரங்கில் எல்லா விலேனையும் டேக் செய்து, யாரும் பயன்படுத்தாத ஒரு எண்ணை நேட்டிவாக வைப்பது நல்லது.

சர்வர் விர்ச்சுவல் மெஷினா? விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ-இன் ஸ்டாண்டர்டு ஸ்விட்சில் போர்ட் குரூப்பின் விலேன் ஐடி 4095 ஆக இருந்தால்தான் டேக் உள்ளே வரை வரும். அங்கே 20 என்று போட்டிருந்தால் டேக் உரிக்கப்பட்டு வரும், மெஷினுக்குள் மீண்டும் துணை இன்டர்ஃபேஸ் வைக்கக் கூடாது.

30 நொடி காத்திருந்தால் வருகிறதா? ரீபூட் ஆனதும் கொஞ்ச நேரம் வேலை செய்யாமல் பிறகு தானே சரியானால் அது ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்கில் சுற்று உருவாகாதபடி புதிதாக எழும் போர்ட்டைச் சற்று நேரம் தடுத்துவைக்கும் ஸ்விட்ச் முறை). அந்த போர்ட்டை இந்தக் காத்திருப்பு இல்லாத, டிரங்குக்கான எட்ஜ் போர்ட்டாக அறிவிக்கச் சொல்லுங்கள். சர்வர் எழும்போதே என்எஃப்எஸ் (நெட்வொர்க் கோப்புப் பகிர்வு) மவுன்ட் ஆக வேண்டிய இடங்களில் இந்த 30 நொடி பெரிய தலைவலி.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* ஒரு லேப்டாப்பை அதே ஸ்விட்சில் விலேன் 20-இன் சாதாரண போர்ட்டில் சொருகி 10.10.20.250 கொடுத்துப் பாருங்கள். அதற்கும் கேமரா தெரியவில்லை என்றால் கோளாறு சர்வரில் இல்லை. ஸ்விட்சுக்கான அனுமதி உங்களிடம் இல்லையென்றால் இங்கேயே நிறுத்தி, நெட்வொர்க்கைப் பராமரிப்பவரிடம் ஒப்படையுங்கள்.

## அறிகுறி 2: அதே நெட்வொர்க்கிலிருந்து வேலை செய்கிறது, பக்கத்து நெட்வொர்க்கிலிருந்து இல்லை

இந்த அமைப்பின் மையக் கோளாறு இதுதான், எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அலுவலகக் கணினி 10.10.10.50. அது சர்வரின் கேமரா பக்க முகவரியான 10.10.20.5-ஐத் திறக்கிறது. கணினிக்கு அது வேறு சப்நெட், ஆகவே பாக்கெட்டை ஃபயர்வாலுக்கு அனுப்புகிறது. ஃபயர்வால் அதை விலேன் 20 வழியாகச் சர்வரிடம் சேர்க்கிறது. இதுவரை சரி. இப்போது சர்வர் பதில் சொல்ல வேண்டும். 10.10.10.0/24 அதற்கு நேரடியாகவே தெரியும், விலேன்10-இல் ஒரு காலை வைத்திருக்கிறதே! எனவே பதில் ஃபயர்வாலைத் தொடாமல் விலேன்10 வழியாக நேரே கணினிக்குப் போய்விடும்.

இதற்குப் பின் இரண்டு விதமாகக் கெடலாம்.

### 2அ. பிங்கும் இல்லை, எதுவும் இல்லை

சர்வரில் ஆர்பி ஃபில்டர் (பாக்கெட் வந்த வழியே பதிலும் போகுமா என்று கெர்னல் பார்க்கும் சோதனை; 0 அணைத்தது, 1 கடுமை, 2 தளர்வு) 1 என்ற கடுமையான நிலையில் இருந்தால், பாக்கெட் உள்ளே நுழையும்போதே ‘10.10.10.50-க்குப் போகும் வழி விலேன்10, இது விலேன்20-இல் வந்திருக்கிறது’ என்று கெர்னல் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். டிசிபிடம்பில் பாக்கெட் வந்தது தெரியும், பதில் இருக்காது, ஃபயர்வால் லாகிலும் ஒன்றும் இருக்காது. ஃபயர்வால் விதிகளை மணிக்கணக்கில் புரட்டுவது இந்தக் கட்டத்தில்தான்.

உறுதி செய்ய: ‘என்ஸ்டாட் -ஏஇசட்’ பட்டியலில் ஐபி ரிவர்ஸ் பாத் ஃபில்டர் என்று முடியும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கணினியிலிருந்து ஐந்து பிங் அடியுங்கள். அந்த எண் ஐந்து கூடினால் சந்தேகமே இல்லை.

### 2ஆ. பிங் வருகிறது, எஸ்எஸ்ஹெச்சும் வெப் பக்கமும் தொங்குகின்றன

ஆர்பி ஃபில்டர் தளர்வாக இருந்தால் பதில் கிளம்பிவிடும். பிங்குக்கு அது போதும். எஸ்எஸ்ஹெச்சும் வெப்பும் பயன்படுத்தும் டிசிபிக்குப் போதாது. கணினியின் முதல் பாக்கெட்டை ஃபயர்வால் பார்த்தது, சர்வரின் பதிலைப் பார்க்கவில்லை, மூன்றாவதாகக் கணினி அனுப்பும் உறுதிப் பாக்கெட் மீண்டும் ஃபயர்வாலுக்கு வரும்போது ‘நடுவில் ஒன்று காணோம்’ என்று அதைத் தடுத்துவிடும். சர்வரில் ‘எஸ்எஸ் -டிஏஎன்’ கொடுத்தால் அந்தக் கணினியின் இணைப்பு ‘சின்-ரெசிவ்டு’ நிலையிலேயே நிற்பது தெரியும். அதைப் பார்த்துவிட்டால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

### சரிசெய்வது, எளிதிலிருந்து

முதலில் முகவரியை மாற்றிப் பாருங்கள். அலுவலகக் கணினி 10.10.10.5-ஐப் பயன்படுத்தினால் இந்தச் சுற்றே இல்லை. அந்தந்த நெட்வொர்க்கில் இருப்பவர் அந்தந்தப் பக்கத்து முகவரியைப் பயன்படுத்தட்டும். டிஎன்எஸ்ஸில் (பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) நெட்வொர்க்குக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் போதும். பாதிக்கு மேற்பட்ட இடங்களுக்கு இதற்கு மேல் தேவைப்படாது என்பதே எங்கள் கருத்து.

சப்நெட் மாஸ்க்கைச் சரிபாருங்கள். விலேன்20-க்கு /24-க்குப் பதில் /16 போட்டுவிட்டால் அலுவலகமும் பட்டறையும் வழக்கம்போல் ஓடும், ஏனென்றால் அவற்றுக்குத் துல்லியமான /24 வழி தனியாக இருக்கிறது. ஃபயர்வாலுக்குப் பின்னால் இருக்கும் 10.10.40.x மட்டும் மாயமாகும். ‘ஐபி நெய்பர்’ பட்டியலில் 10.10.40.x முகவரிகள் விலேன்20-இன் பெயரில் ‘இன்கம்ப்ளீட்’ என்று நின்றால் மாஸ்க் தப்பு.

பின்னால் இருக்கும் நெட்வொர்க்குக்குத் தனி வழி சேருங்கள். பட்டறைப் பக்க ஃபயர்வாலுக்கு அப்பால் 10.20.0.0/16 இருந்தால் ‘ஐபி ரூட் ஆட் 10.20.0.0/16 வயா 10.10.30.1’ போதும். இதற்காக விலேன்30-இல் இரண்டாவது டிஃபால்ட் கேட்வே போடாதீர்கள். அது அறிகுறி 3-ஐ அழைத்து வரும்.

கடைசியாக, மூல முகவரிப்படி ரூட்டிங். எல்லா நெட்வொர்க்கிலிருந்தும் எல்லா முகவரிகளும் எட்ட வேண்டும் என்றால், ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் தனி ரூட்டிங் டேபிள் வேண்டும்:

1. ஐபி ரூட் ஆட் 10.10.20.0/24 டெவ் விலேன்20 சோர்ஸ் 10.10.20.5 டேபிள் 20 (‘சோர்ஸ்’ என்பதைக் கட்டளையில் மூன்றெழுத்துச் சுருக்கமாக, எஸ்ஆர்சி என்று அடிக்க வேண்டும்)
2. ஐபி ரூட் ஆட் டிஃபால்ட் வயா 10.10.20.1 டெவ் விலேன்20 டேபிள் 20
3. ஐபி ரூல் ஆட் ஃப்ரம் 10.10.20.5 டேபிள் 20

விலேன்30-க்கும் இதேபோல், டேபிள் 30 என்று. சோதிக்க: ‘ஐபி ரூட் கெட் 10.10.10.50 ஃப்ரம் 10.10.20.5’. விடையில் ‘வயா 10.10.20.1 டெவ் விலேன்20’ என்று வர வேண்டும். விலேன்10 என்று வந்தால் மூன்றாவது வரி விழவில்லை. இந்த ஒரு கட்டளையை மனப்பாடம் செய்துவைத்துக்கொள்ளலாம், பல நெட்வொர்க் சர்வரில் இதைவிடப் பயனுள்ள சோதனை கிடையாது.

இப்படி அமைத்துவிட்டால் ஆர்பி ஃபில்டர் 1-இல் இருந்தாலும் பாக்கெட் உள்ளே வரும், ஏனென்றால் கெர்னல் திரும்பும் வழியைச் சரிபார்க்கும்போது இந்த விதியையும் பார்க்கிறது. ஆகவே ஆர்பி ஃபில்டரை அணைத்துவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று போவது நோயை மறைக்கும் வேலை. சோதனைக்காக 2 வைத்துப் பார்க்கலாம். அப்போது ஒன்று நினைவிருக்கட்டும்: எல்லா இன்டர்ஃபேஸுக்கும் பொதுவான ‘ஆல்’ மதிப்பு, அந்தந்த இன்டர்ஃபேஸின் மதிப்பு இரண்டில் எது பெரியதோ அதுதான் நடப்பில் இருக்கும். ‘ஆல்’ 1-ஆக இருக்கையில் விலேன்20-க்கு 0 போட்டால் ஒன்றும் மாறாது.

### 2இ. டிசிபி சரி, யுடிபி சேவை மட்டும் பதில் தரவில்லை

மேலே சொன்ன டேபிள்களை எல்லாம் போட்ட பிறகும் எஸ்என்எம்பி (கருவிகளைக் கண்காணிப்பது), டிஎஃப்டிபி (எளிய கோப்பு அனுப்பல்) போன்றவை சண்டித்தனம் செய்யலாம். யுடிபி சேவை 0.0.0.0-இல் கேட்டுக்கொண்டிருந்தால், பதிலின் மூல முகவரியை வெளியேறும் வழியைப் பார்த்துக் கெர்னலே தேர்ந்தெடுத்துவிடும். 10.10.20.5-இடம் கேட்டவருக்கு 10.10.10.5-இலிருந்து பதில் வரும், அவர் அதைக் கண்டுகொள்ள மாட்டார். மருந்து: சேவையின் கன்ஃபிக்கில் ஒவ்வொரு முகவரியையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு அதில் மட்டும் கேட்கச் சொல்வது.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* ஃபயர்வால் வேறொருவர் கையில் இருந்து, அவர் ‘அசிமெட்ரிக் ரூட்டிங்குக்கு (போகும் வழி ஒன்று, திரும்பும் வழி வேறு) விதிவிலக்குத் தருகிறேன்’ என்று சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த விதிவிலக்கு நிலைச் சரிபார்ப்பையே தளர்த்தும். சர்வர் பக்கம் தீர்க்க முடியுமா என்று இருவரும் உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள்.

## அறிகுறி 3: நேற்றுவரை ஓடியது, ரீபூட்டுக்குப் பின் இல்லை, அல்லது இணையம் வந்து வந்து போகிறது

முதலில் ‘ஐபி ரூட் ஷோ டிஃபால்ட்’. ஒரு வரிக்கு மேல் வந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

- டிஹெச்சிபி (முகவரியைத் தானாகக் கொடுக்கும் சேவை) திணித்த கேட்வே. கேமரா நெட்வொர்க்கில் உள்ள டிஹெச்சிபி தன் கேட்வேயையும் டிஎன்எஸ்ஸையும் சேர்த்தே கொடுத்துவிடும். சர்வருக்கு நிலையான முகவரி கொடுப்பதே நல்லது. முடியாவிட்டால் நெட்வொர்க்மேனேஜரில் அந்த இணைப்புக்கு ‘நெவர்-டிஃபால்ட்’ ஆம் என்று வையுங்கள். நெட்பிளானில் டிஹெச்சிபி4-ஓவர்ரைட்ஸ் பகுதியில் யூஸ்-ரூட்ஸ், யூஸ்-டிஎன்எஸ் இரண்டையும் ‘ஃபால்ஸ்’ ஆக்குங்கள்.
- கட்டளையில் செய்தது கோப்பில் ஏறவில்லை. ‘ஐபி ரூல்’ வரிகள் காணாமல்போகும் வழக்கமான காரணம். நெட்பிளானில் ‘ரூட்டிங்-பாலிசி’ என்ற பகுதி இதற்குத்தான்.
- இன்டர்ஃபேஸ் பெயர் மாறிவிட்டது. புதிதாக ஒரு பிசிஐ கார்டோ என்விஎம்இ டிஸ்க்கோ சேர்த்தால் பஸ் எண் நகர்ந்து, ஈஎன்பி3எஸ்0 இருந்தது ஈஎன்பி4எஸ்0 ஆகலாம். கன்ஃபிக்கில் பெயரை நம்பாமல் மேக் முகவரியைக் கொண்டு கட்டிவையுங்கள்.
- கிளவுட்-இனிட் (சர்வரின் தொடக்க அமைப்பைத் தானாகச் செய்யும் நிரல்) நீங்கள் திருத்திய நெட்பிளான் கோப்பை மீண்டும் எழுதியிருக்கலாம். கோப்பின் தலையிலேயே அந்த எச்சரிக்கை இருக்கும். அதன் நெட்வொர்க் அமைப்பை முடக்கிவிட்டு உங்கள் கோப்பைத் தனிப் பெயரில் வையுங்கள்.

விண்டோஸ் சர்வரிலும் விதி ஒன்றுதான்: ஒரு கார்டுக்கு மட்டும் கேட்வே, மற்றவை காலி, அப்பாலுள்ள நெட்வொர்க்குகளுக்கு ‘ரூட் -பி ஆட்’. கேட்வே இல்லாத கார்டை விண்டோஸ் ‘அடையாளம் தெரியாத நெட்வொர்க்’ என்று எடுத்துப் பப்ளிக் ஃபயர்வாலை மாட்டிவிடும். பிங்கும் கோப்புப் பகிர்வும் அந்தப் பக்கம் மட்டும் நின்றுபோனால் அதைப் பாருங்கள்.

## அறிகுறி 4: இணைகிறது, பெரிய கோப்பு மட்டும் பாதியில் நிற்கிறது

லாகின் ஆகிறது, ஃபோல்டர் பட்டியல் தெரிகிறது, காப்பி போட்டால் தொங்குகிறது. சிறிய பாக்கெட் போகிறது, பெரியது போகவில்லை என்று பொருள்.

சர்வரிலிருந்து ‘பிங் -எம் டூ -எஸ் 1472’ என்று அந்த முகவரிக்கு அடியுங்கள். 1472-உடன் தலைப்பகுதி 28 சேர்ந்து 1500 பைட். (‘-எம்’ இங்கே பெரிய எழுத்து.) இது போகாமல் 1400 போனால் வழியில் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) குறைவாக இருக்கிறது. பேக்கப் வேகத்துக்காக யாராவது ஜம்போ ஃபிரேம் (வழக்கத்தைவிடப் பெரிய பாக்கெட்) 9000 வைத்திருந்தால் 8972 அடித்துப் பாருங்கள். ஸ்விட்ச், சர்வர், எதிர்முனை மூன்றிலும் 9000 இருந்தால்தான் அது நிற்கும். ஒரு விலேனுக்கு மட்டும் ஜம்போ வேண்டுமானால் தாய் இன்டர்ஃபேஸான ஈஎன்ஓ1-க்கும் 9000 வைத்து, மற்ற விலேன்களைக் கையால் 1500-க்கு இறக்க வேண்டும். துணை இன்டர்ஃபேஸின் எம்டியு தாயைவிடப் பெரிதாக இருக்க முடியாது.

எம்டியு சரியாக இருந்து வேகம் மட்டும் படுத்தால் ‘ஈத்டூல் ஈஎன்ஓ1’. 100 மெகாபிட், ஹாஃப் டூப்ளெக்ஸ் என்று வந்தால் கேபிள் அல்லது ஒரு முனையில் ஆட்டோ நெகோஷியேஷனை அணைத்திருக்கிறார்கள். ‘ஈத்டூல் -எஸ் ஈஎன்ஓ1’ பட்டியலில் (இதிலும் பெரிய எழுத்து) சிஆர்சி பிழை ஏறிக்கொண்டே போனால் கேபிளை மாற்றுங்கள், பிறகு ஸ்விட்ச் போர்ட்டை, கடைசியாகத்தான் லேன் கார்டை.

## அறிகுறி 5: சிலருக்கு வருகிறது, சிலருக்கு இல்லை, சில நேரம் வருகிறது, சில நேரம் இல்லை

ஒரே பெயருக்கு மூன்று முகவரி. டிஎன்எஸ்ஸில் சர்வர் பெயருக்கு 10.10.10.5, 10.10.20.5, 10.10.30.5 மூன்றும் பதிவாகியிருந்தால் யாருக்கு எது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ‘என்எஸ்லுக்அப்’ போட்டுப் பாருங்கள். விண்டோஸ் சர்வர் தன் எல்லா கார்டு முகவரிகளையும் தானாகவே டிஎன்எஸ்ஸில் பதிந்துவிடும். தேவையில்லாத கார்டுகளின் டிஎன்எஸ் அமைப்பில் அந்தப் பதிவுக் கட்டத்தின் டிக்கை எடுத்துவிட்டு, பழைய பதிவுகளை அழியுங்கள்.

ஒரே முகவரி இரு கருவிகளில். ‘ஆர்பிங் -டி -ஐ விலேன்20 10.10.20.5’ (டி பெரிய எழுத்து, ஐ பெரிய எழுத்து). பதில் வந்தால் இன்னொருவர் உங்கள் முகவரியில் உட்கார்ந்திருக்கிறார். புதிதாக மாட்டிய கேமராவை முதலில் சந்தேகியுங்கள்.

ஏஆர்பி குழப்பம். இரண்டு லேன் கார்டுகள் தெரியாமல் ஒரே விலேனில் சொருகப்பட்டிருந்தால், ஒரு கார்டின் முகவரியைக் கேட்ட கேள்விக்கு இன்னொரு கார்டும் தன் மேக்கைச் சொல்லும். லினக்ஸின் இயல்பு அமைப்பே அப்படித்தான், முகவரி இயந்திரத்துக்குச் சொந்தம், கார்டுக்கு அல்ல. வேறொரு கணினியில் ஏஆர்பி பட்டியலைப் பார்த்தால் சர்வர் முகவரிக்கு நேரே மேக் மாறி மாறித் தெரியும். கேபிளைச் சரியான போர்ட்டுக்கு மாற்றுங்கள். இரண்டும் ஒரே விலேனில் இருந்தே ஆக வேண்டும் என்றால் சிஸ்சிடிஎல்லில் (கெர்னல் அமைப்புகளை மாற்றும் கட்டளை) ஏஆர்பி இக்னோர் 1, ஏஆர்பி அனவுன்ஸ் 2 என்று வையுங்கள்.

பாண்டிங் அரைகுறையாக இருக்கிறது. இரண்டு கேபிளைச் சேர்த்து மோடு 4 வைத்திருந்தால் ஸ்விட்சிலும் எல்ஏசிபி (கேபிள்களைச் சேர்ப்பது பற்றி இரு முனைகளும் பேசிக்கொள்ளும் முறை) வேண்டும். ப்ராக் கோப்பகத்தில் நெட், பாண்டிங் என்று போய் பாண்ட்0 கோப்பைப் படியுங்கள். பார்ட்னர் மேக் 00:00:00:00:00:00 என்றிருந்தால் ஸ்விட்ச் பேசவில்லை. ஸ்விட்சைத் தொட வழியில்லை என்றால் மோடு 1 வையுங்கள், அதற்கு எதிர்ப்பக்கம் எந்த அமைப்பும் தேவையில்லை.

## அறிகுறி 6: சர்வரிலிருந்து மட்டும் ஒரு நெட்வொர்க் தெரியவில்லை, மற்ற எல்லாருக்கும் தெரிகிறது

அந்த நெட்வொர்க் 172.17 முதல் 172.31 வரையிலான எண்ணில் தொடங்குகிறதா? சர்வரில் டாக்கர் (மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) இருக்கிறதா? அப்படியானால் விடை அநேகமாகக் கையில். டாக்கர் தன் முதல் பிரிட்ஜுக்கு (சர்வருக்குள் அது உருவாக்கும் நெட்வொர்க்குக்கு) 172.17.0.0/16 எடுத்துக்கொள்ளும், அடுத்தடுத்து 172.18, 172.19 என்று போகும். உங்கள் கிளை அலுவலகம் 172.18-இல் இருந்தால் அதற்கான பாக்கெட் டாக்கர் பிரிட்ஜுக்குள் போய்ச் செத்துவிடும். ‘ஐபி ரூட் கெட்’ போட்டால் பிஆர் என்று தொடங்கும் இன்டர்ஃபேஸ் பெயர் வரும். டாக்கரின் டீமன் ஜேசன் கோப்பில் டிஃபால்ட்-அட்ரஸ்-பூல்ஸ் வழியாக வேறு எண் தொகுதி கொடுங்கள், ஏற்கெனவே உருவான டாக்கர் நெட்வொர்க்கை அழித்துவிட்டு மீண்டும் உருவாக்க வேண்டும்.

டாக்கர் இல்லை, ஆனால் நீங்கள் இணைக்கும் இரண்டு நெட்வொர்க்குகளுமே 192.168.1.0/24 என்றால் கதை வேறு. இரண்டு ஒப்பந்தக்காரர்கள் வந்து தனித்தனியாக அமைத்துக் கொடுத்த இடங்களில் இது சகஜம். சாதாரண ரூட்டிங்கால் இதைத் தீர்க்கவே முடியாது. வழிகள், செலவு ஏறும் வரிசையில்: சிறிய பக்கத்தின் முகவரிகளை மாற்றுவது, சர்வரில் தனி ரூட்டிங் தரும் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் அல்லது விஆர்எஃப் போட்டு அந்த நெட்வொர்க்கைத் தனி அறையில் அடைப்பது, ஃபயர்வாலில் ஒன்றுக்கொன்று நேட் வைத்து ஒரு பக்கத்தை 10.99.1.0/24 போல வேறு எண்ணில் காட்டுவது. பத்துக் கேமராதான் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முகவரியை மாற்றிவிடுங்கள். விஆர்எஃப்பும் நேட்டும் அனுபவமுள்ளவர் செய்ய வேண்டியவை, செய்தபின் அதைப் பராமரிக்கவும் ஆள் வேண்டும்.

## அறிகுறி 7: பேசக் கூடாத நெட்வொர்க்குகள் பேசிக்கொள்கின்றன

இதற்கு யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள். அதனால்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. எதுவும் கெடாதபோதும், புதிய நெட்வொர்க் ஒன்றைச் சேர்த்த ஒவ்வொரு முறையும் இதைச் சோதியுங்கள்.

சர்வர் ரவுட்டராகிவிட்டதா? சிஸ்சிடிஎல்லில் ஐபிவி4-இன் ஐபி ஃபார்வர்டு மதிப்பு 0 இருக்க வேண்டும். டாக்கரோ லிப்விர்ட்டோ நிறுவினால் அது 1 ஆகிவிடும், உங்களைக் கேட்காது. டாக்கர் தேவை என்றால் 0-க்கு இறக்க முடியாது. அப்போது லினக்ஸின் சொந்த ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸின் ஃபார்வர்டு சங்கிலியில் விலேன்10, விலேன்20, விலேன்30-க்கு இடையே போகும் எல்லாவற்றையும் டிராப் செய்யுங்கள். சோதனை எளிது: விலேன் 20-இல் ஒரு லேப்டாப்பை வைத்து, கேட்வேயாக 10.10.20.5 கொடுத்து, 10.10.10.50-ஐப் பிங் செய்யுங்கள். டிசிபிடம்பை விலேன்10-இல் ஓடவிட்டுப் பாருங்கள், கேள்விப் பாக்கெட் அங்கே வெளியே வரவே கூடாது.

ஃபார்வர்டு 0 என்றாலும் ஒரு ஓட்டை உண்டு. அதே லேப்டாப்பிலிருந்து 10.10.10.5-ஐத் தொட்டுப் பாருங்கள். விலேன்20 வழியாக வந்தாலும் அது தன் சொந்த முகவரிதான் என்று சர்வர் ஏற்றுக்கொண்டுவிடலாம். அலுவலகப் பக்கத்துக்கு மட்டும் என்று நினைத்த நிர்வாகப் பக்கம், கேமரா பக்கத்துக்கும் திறந்திருக்கும். விதி இப்படி இருக்கட்டும்: விலேன்20-இல் நுழையும் பாக்கெட்டின் சேருமிடம் 10.10.20.5 இல்லையென்றால் டிராப். டிஹெச்சிபி, மல்டிகாஸ்ட் தேவைப்பட்டால் அவற்றுக்கு முன்னதாக அனுமதி.

ஐபிவி6-ஐ மறந்துவிடாதீர்கள். நீங்கள் ஐபிவி6 எதுவும் அமைக்காவிட்டாலும் ஒவ்வொரு விலேனிலும் எஃப்இ80 என்று தொடங்கும் முகவரி தானாக வந்திருக்கும். ‘எஸ்எஸ் -டியுஎல்என்பி’ பட்டியலில் சதுர அடைப்புக்குள் இரட்டைப் புள்ளிகளோடு தெரியும் சேவை ஒவ்வொன்றையும், பட்டறை இயந்திரம் ஒன்று அந்த முகவரி வழியாகத் தொட முடியும். ஐபிவி4-க்கு மட்டும் எழுதிய ஃபயர்வால் விதி அதைத் தடுக்காது. என்எஃப்டேபிள்ஸில் ‘ஐநெட்’ குடும்பத்தில் எழுதினால் இரண்டுக்கும் சேரும்.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* சோதனையில் ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு உண்மையாகவே போக முடிந்தது, எவ்வளவு காலமாக அப்படி இருந்தது என்றும் தெரியவில்லை என்றால், கதவை மூடியதோடு விட்டுவிடாமல் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். லாக்குகளை அழிக்கவோ சர்வரை மீண்டும் நிறுவவோ வேண்டாம், அவர் பார்க்க வேண்டியது அதில்தான் இருக்கும்.

## வெளியாளிடம் ஒப்படைக்கும்போது

‘நெட்வொர்க் வரவில்லை’ என்று மட்டும் சொன்னால் அவர் முதல் படியிலிருந்து தொடங்குவார். இவற்றைக் கையில் கொடுங்கள்: ஆரம்பத்தில் சேமித்த மூன்று வெளியீடுகள், எந்த முகவரியிலிருந்து எந்த முகவரியின் எந்த போர்ட்டுக்குப் போகவில்லை என்ற ஒரு வரி, அந்த இணைப்புக்கான ‘ஐபி ரூட் கெட்’ விடை, முயற்சி செய்யும் நேரத்தில் ஈஎன்ஓ1-இல் எடுத்த ஒரு நிமிட டிசிபிடம்ப், ‘-டபிள்யூ’ போட்டுக் கோப்பாக, அதில் டேக்கும் பதிவாகியிருக்கும், ஸ்விட்சின் டிரங்க் போர்ட் அமைப்பு, கடைசியாக யார் எதை மாற்றினார்கள், எந்தத் தேதியில் என்ற குறிப்பு.